ஆறு போகிற திக்கில்

காலை 7.40 மணி. சாவி போடாமல் கிக்கரை இரண்டு முறை சும்மா மிதிப்பேன். ராத்திரி முழுக்கக் கீழே கிடந்த ஆயில் கொஞ்சம் மேலே ஏறட்டும் என்று என் மெக்கானிக் சொல்லிக்கொடுத்த பழக்கம். மூன்றாவது மிதி சாவியோடு. சோக்கை இழுத்துவிட்டால் மார்கழிக் குளிரிலும் அந்த ஒரு உதை போதும். வண்டி எழுந்துகொள்ளும். என் மனைவி வாசல்படியில் நின்று, கல்யாணமான நாளிலிருந்து சொல்கிற அதே இரண்டு வார்த்தையைச் சொல்வாள்: "பையப் போங்க." நான் தலையாட்டிவிட்டு ஹெல்மெட் வாரை மாட்டுவேன். டக். அந்தச் சத்தத்தோடு வீடு பின்னால் போய்விடும். ஆபீஸ் இன்னும் வந்திருக்காது. நடுவில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்கு 35 கிலோமீட்டர் சொச்சம். அங்கே ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். தினமும் போக 35, வர 35. "இவ்வளவு தூரம் பைக்கிலயா போயிட்டு வாறீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்கும்போது அவர்கள் முகத்தில் ஓர் இரக்கம் தெரியும். எனக்கோ அவர்கள்மேல்தான் இரக்கம் வரும். இப்படி ஒரு சாலையும், அதில் போக ஒரு வண்டியும், அதற்கு ஒரு காரணமாக ஒரு வேலையும் வாய்த்த மனிதன் நான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கே எனக்குத் திங்கட்கிழமைக் காலை ஞாபகம் வந்துவிடும். சந்தோஷமாகத்தான் வரும்.

இந்தச் சாலையின் விசேஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தாமிரபரணிக்கு வடகரையில் அம்பாசமுத்திரம், தென்கரையில் எங்கள் கல்லிடை. அங்கிருந்து வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை, மேலச்செவல், மேலப்பாளையம், பாளையங்கோட்டை என்று எல்லாமே ஆற்றுக்கு ஒரே பக்கம். 35 கிலோமீட்டரில் ஓரிடத்தில்கூட நான் ஆற்றைக் கடப்பதில்லை. ஆறும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. வயலுக்கும் வாழைத் தோட்டத்துக்கும் அந்தப் பக்கம், இடது கைப்பக்கமாக, அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழுகிற வரைக்கும் அதற்குச் சுமார் 128 கிலோமீட்டர் பயணம். அதில் ஒரு கால்வாசிக்கு நான் தினமும் துணை. காலையில் ஆறு போகிற திக்கில் போகிறேன்; சாயங்காலம் ஆறு வருகிற திக்கைப் பார்த்து, மலையைப் பார்த்துத் திரும்பி வருகிறேன். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே வண்டி வாங்கி இரண்டு வருஷம் ஆனது. பிடிபட்ட அன்று வேலைக்குப் போகிற மாதிரியே இல்லை. ஆற்றோடு இறங்கிப் போகிற மாதிரி இருந்தது.

வண்டி வாங்குவதற்கு முன்னால் பதினோரு வருஷம் பஸ்ஸில் போனவன் நான். பாபநாசத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினால் பாதி நாள் சேரன்மகாதேவி வரை நின்றுகொண்டு போக வேண்டும். உட்கார இடம் கிடைத்த நாளில் தூங்கிவிடுவேன். பதினோரு வருஷத்தில் இந்த வழியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டாப்பிங் பெயர்கள் மட்டுமே. பஸ் ஜன்னலில் ஊர் படம் மாதிரி ஓடும். மூக்குக்கும் தோலுக்கும் அங்கே வேலை கிடையாது.

2009-இல் ஸ்பிளெண்டர் பிளஸ் எடுத்தேன். கறுப்பு. 97.2 சிசி. ஸ்பிளெண்டர் என்ற பெயர் 1994-இல் வந்தது. அதற்கு அப்பன் 1985-இல் வந்த சிடி 100. எங்கள் தெருவில் முதன்முதலில் அந்த சிடி 100 வந்து நின்ற நாளில், அது ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்கு அமைதியாக இருந்ததைப் பார்த்து நாங்கள் சிறுவர்கள் சைலன்சர் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டோம். அதுவரை நாங்கள் கேட்டதெல்லாம் ராஜ்தூத்தின் படபடப்பும் புல்லட்டின் அதிர்வும்தான். என் வண்டி டேங்கில் 'ஹீரோ ஹோண்டா' என்ற இரட்டைப் பெயர் இன்னும் இருக்கிறது. 2011-இல் இரண்டு நிறுவனமும் பிரிந்து பெயர் மாறிய பிறகு வந்த வண்டிகளில் அது கிடையாது. அதனால் அந்த எழுத்தின்மேல் துணி படும்போது என் கை தானாகவே மெல்ல நகரும்.

நூறு சிசி வண்டியில் என்ன பெரிய சுகம் என்பார்கள். பெரிய பெரிய வண்டிகளை நானும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நல்ல வண்டிகள்தான். ஆனால் இந்தச் சாலையின் வேகம் 45, 50. அந்த வேகத்தில் என் வண்டி நாலாவது கியரில் ஒரு ஓசையைப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியில் அதிர்வு அடங்கும். ஆக்சிலேட்டரை இம்மிகூட அசைக்க வேண்டாம். எருமை ஒன்று சாலை ஓரத்தில் தலையைத் தூக்குகிறதா, டியூஷன் பையன் சைக்கிளை ஒடிக்கப் போகிறானா, எல்லாம் பார்த்துக்கொண்டு போக நேரம் இருக்கும். லிட்டருக்கு 65 கிலோமீட்டர் குறையாமல் கொடுக்கிறது. போக வர ஒரு லிட்டரும் ஒரு டம்ளரும். அந்தக் காசுக்கு இவ்வளவு ஆனந்தம் வேறெங்கே கிடைக்கும், சொல்லுங்கள்.

சரி, வாசனைக்கு வருகிறேன். என் வழி எனக்கு வாசனையால் ஆனது. கண்ணைக் கட்டிப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனாலும் எந்த ஊர் என்று சொல்லிவிடுவேன். கல்லிடைக்குறிச்சியில் உளுந்து மாவும் பெருங்காயமும். அப்பளத்துக்குப் பெயர்போன ஊர் இல்லையா, சில தெருக்களில் காலையிலேயே காற்றில் அது இருக்கும். வீரவநல்லூரில் வாசனையைவிட ஓசை: தறிச் சத்தம். செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர். வண்டியை மெதுவாக்கினால் தெருவுக்குள்ளிருந்து டக்-டக் என்று வரும். காருகுறிச்சியில் சூளைப் புகை. பானை சுடுகிற புகைக்கென்று ஒரு வாசம் உண்டு. வைக்கோலும் மண்ணும் சேர்ந்து வெந்த வாசம். பொங்கலுக்கு முந்தின மாதம் அது ஹெல்மெட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டு சேரன்மகாதேவி வரை கூட வரும். பத்தமடையில் கோரை. பாய் நெய்கிற கோரையை ஊறவைத்துக் காயப்போட்டிருக்கும் நாளில், மழை பெய்த புல்தரைக்கும் பழைய பாய்க்கும் நடுவில் ஒரு மணம். அப்புறம் நெல் அவிக்கிற ஆவி. அப்புறம் மேலப்பாளையம்: காலையிலேயே எங்கோ தாளிக்கிற பட்டை, கிராம்பு; சாயங்காலம் திரும்பும்போது அடுப்பிலிருந்து இறக்கின பிரியாணி. பசியோடு அந்த ஊரைத் தாண்டுவது பெரிய தவம்.

வாசனையைவிட எனக்குப் பிடித்தது குளிர். காற்றில் குழிகள் இருக்கின்றன என்று பைக் ஓட்டுகிறவர்களுக்கு மட்டுமே தெரியும். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பச்சைப்பசேல் என்று கிடக்கும் வயல்களுக்கு நடுவே சாலை கொஞ்சம் தாழ்ந்து போகிற இடங்களில், திடீரென்று ஒரு குளிர் சட்டைக்குள் புகும். ஐம்பது அடி, நூறு அடி. பிறகு மேட்டில் ஏறியதும் பழைய வெதுவெதுப்பு. குளத்து நீருக்குள் நீந்தும்போது காலில் படுமே ஒரு குளிர்ந்த பட்டை, அதே மாதிரி.

இது உண்மையா, என் மனதின் கற்பனையா என்று ஒரு சந்தேகம் வந்தது. ஆய்வகத்துக்காரன் கையைக் கட்டிக்கொண்டு இருப்பானா? ஒரு தெர்மாமீட்டரை ரப்பர் பேண்டு போட்டு ஹேண்டில்பாரில் கட்டிவிட்டேன், கண்ணுக்கு நேராக. வேகமாகப் போவதால் தெர்மாமீட்டர் இறங்காது என்பதைக் கவனிக்க வேண்டும். காற்று வீசினால் குளிர்வது உடம்புச் சூடும் வியர்வையும் உள்ள தோல்தான்; உலர்ந்த குமிழுக்குக் காற்றின் வெப்பம் மட்டுமே தெரியும். அதனால் இறங்கினால் நிஜமாகவே அங்கே குளிர்ந்த காற்று இருக்கிறது என்று அர்த்தம். தை மாதத்து ஒரு காலை. வாழைத் தோட்டத்தை ஒட்டிய அந்தத் தாழ்வில் வண்டியை உருட்டினாற்போல மெதுவாக விட்டேன். சிவப்புக் கோடு நடுங்கி, யோசித்து, இரண்டு டிகிரி இறங்கியது. மேட்டில் ஏறியதும் மறுபடி ஏறியது. சாலையில் ஒரு ஈ காக்காய் இல்லை. "பாத்தியா!" என்று ஹெல்மெட்டுக்குள் சத்தமாகவே கத்திவிட்டேன். அந்த இடத்துக்கு இன்று வரைக்கும் எனக்குள் 'ரெண்டு டிகிரி' என்றுதான் பெயர்.

இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. வீரவநல்லூரைத் தாண்டினதும் இடப்பக்கமாக ஒரு நீண்ட வளைவு. வருஷக்கணக்காக அதில் உடம்பைச் சாய்த்துப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் கைகள் என்ன செய்கின்றன என்று கவனித்தேன். இடது பக்கம் வளைய வேண்டும். என் இடது கையோ இடது கைப்பிடியை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது! அதாவது சக்கரத்தை ஒரு நொடி வலது பக்கம் திருப்புகிறேன். அதனால் வண்டி இடது பக்கம் சாய்கிறது. சாய்ந்ததால் இடது பக்கம் வளைகிறது. நடக்கிற வேகத்தில் இது கிடையாது. வேகம் பிடித்த பிறகுதான். எந்த டிரைவிங் பள்ளியிலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கை தானாகக் கற்றுக்கொண்டிருக்கிறது, மூளைக்குத் தகவல் கொடுக்காமலே. அன்று ஆய்வகத்துக்குப் போனதும் முதல் வேலையாக, சுழல்வதைக் காட்டுவதற்காக நாங்கள் வைத்திருக்கும் சைக்கிள் சக்கரத்தை எடுத்துச் சுழற்றி, இரண்டு கையாலும் அச்சைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கையில் அது முறுக்கிக்கொண்டு திமிறுகிற திமிறல் இருக்கிறதே! மாணவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். அரைமணி நேரம் பாடத்திட்டத்தில் இல்லாத வகுப்பு நடந்தது. இப்போது அந்த வளைவு வரும்போதெல்லாம் வேண்டுமென்றே இடது உள்ளங்கையால் மெல்ல ஒரு அழுத்து அழுத்துவேன். வண்டி பசுங்கன்று போலச் சாயும். சாலை, வயல், தூரத்துத் தென்னை எல்லாம் ஒன்றாகச் சாயும்.

வழியில் ஆள் ஏற்றுவது என் வழக்கம். கைநீட்டினால் நிறுத்துவேன், இன்னொரு ஹெல்மெட் எப்போதும் பக்கவாட்டில் தொங்கும். பள்ளிக்கூடப் பையன்கள், பஸ்ஸை விட்ட நர்ஸ், வயலுக்கு மருந்து வாங்கப் போகும் பெரியவர். எத்தனையோ பேர். அதில் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. காருகுறிச்சி என்றால் நாதஸ்வரம். அருணாசலம் பிறந்த மண். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்து போகும் அந்த வாசிப்பைக் கேட்காத தமிழன் இருக்க மாட்டான். ஒரு வைகாசி முகூர்த்த நாள். அந்த ஊர் விலக்கில் ஒரு வித்வான் கை நீட்டினார். சந்தன நிறச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் துணி உறை போட்ட நாதஸ்வரம். பாளையங்கோட்டையில் கல்யாணம், தவில்காரர் முன்னாலேயே போய்விட்டார். உறையைக் குழந்தையைப் போல மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

சேரன்மகாதேவி வரை ஒன்றும் பேசவில்லை. பத்தமடைக்கு முன்னால் தோளைத் தட்டினார். "அண்ணாச்சி, இதே வேகத்துல போங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"ஏன் அண்ணாச்சி, பயமா இருக்கா?"

"அதில்ல. வண்டி சுருதி பிடிச்சிருக்கு."

பிறகு அவர் மெல்ல இழுக்க ஆரம்பித்தார், வாயாலேயே. கல்யாணி என்று நினைக்கிறேன். ராகம் கண்டுபிடிக்கிற அளவுக்கு எனக்கு ஞானம் இல்லை. என்ஜினின் அந்த ஒற்றை ஓசை கீழே தம்பூரா மாதிரி போய்க்கொண்டிருக்க, அவர் குரல் காற்றில் பாதி போய், பாதி என் காதில் விழுந்தது. மேலச்செவலில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டி வேகம் குறைந்தபோது நிறுத்திக்கொண்டார். லாரியைத் தாண்டி நாலாவது கியரில் ஓசை மறுபடி கூடினதும், விட்ட இடத்திலிருந்து எடுத்தார். கல்யாண மண்டப வாசலில் இறங்கி, வண்டியின் டேங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குப் பேச்சே வரவில்லை. அன்று முழுக்க ஆய்வகத்தில் எந்தக் கருவியைத் தொட்டாலும் உள்ளுக்குள் அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

வெயிலைப் பற்றிக் கேட்பார்கள். கிழக்கே வேலை, மேற்கே வீடு. அதனால் காலையிலும் சூரியன் முகத்துக்கு நேரே, சாயங்காலமும் முகத்துக்கு நேரே. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வைசரை இறக்கிவிட்டுப் போக வேண்டும். ஆனால் அதனால்தானே இரண்டு வேளையும் எனக்குச் சூரியன் கிடைக்கிறது! காலையில் வயல் தண்ணீரில் அது துண்டு துண்டாகக் கூடவே ஓடி வரும். கொக்குகள் எல்லாம் கறுப்பாகத் தெரியும். மாலையில் பொதிகை மலை கத்தரித்து வைத்த மாதிரி நீல நிழலாக நிற்க, அதன் பின்னால் இறங்கும். அகத்தியமலை 1,868 மீட்டர். மேகம் இல்லாத நாளில் பத்தமடை தாண்டியதுமே மலைத்தொடர் முழுக்கத் தெரிய ஆரம்பித்து, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும். வீட்டை நெருங்க நெருங்க மலை பெரிதாகும். தினமும் ஒருவனுக்கு இப்படி ஒரு வரவேற்பு!

ஆனி, ஆடியில் காற்று. மேற்கேயிருந்து மலை இடுக்கு வழியாகப் புறப்பட்டு வருகிற காற்று. காலையில் முதுகில் கை வைத்துத் தள்ளும். அந்த மாதங்களில் வேலைக்குப் போவது தண்ணீரில் மிதந்து போகிற மாதிரி. சாயங்காலம் அதே காற்று நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். நாலாவது கியர் திணறும், மூன்றுக்கு இறக்க வேண்டும், மைலேஜ் குறையும். போகட்டும். அந்தக் காற்றில் சில நாள் மலையிலிருந்து சாரல் துளிகள் கலந்து வரும். வானத்தில் வெயில், முகத்தில் பூந்தூறல். வைசரைத் தூக்கிவிட்டு அதை அப்படியே வாங்கிக்கொள்வேன். கார் வைத்திருக்கும் நண்பர்கள் இதற்காகவே வருஷத்துக்கு ஒருமுறை குற்றாலம் போகிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை வேறு மாதிரி. அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும். ரெயின்கோட், செருப்பு, ஷூ ஒரு பாலிதீன் பைக்குள், வேகம் முப்பது. வெள்ளைக் கோட்டின்மேல் டயரை ஏற்றக் கூடாது; மழையில் அது சோப்பு. முன் பிரேக்கைக் கெஞ்சிக் கேட்கிற மாதிரிதான் பிடிக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, எங்கள் ஆறே வேறு ஆறாகி ஓடியபோது வண்டியை எடுக்கவில்லை. வீட்டுத் தாழ்வாரத்தில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீர் வடிந்து முதன்முதலாகப் போன அன்று, வழி நெடுக வாழைகள் ஒரே திக்கில் படுத்திருந்தன, தலை எல்லாம் கிழக்கே. ஆறு போன திக்கு. அன்று மட்டும் வழியில் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. முன்னால் போன ஒவ்வொரு பைக்காரரும் எதிரே வந்தவரிடம் கை காட்டி, எங்கே சாலை அரித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்க வேண்டும். எங்களுக்கு ஒரு கையைத் தூக்கினால் போதும்.

ரிசர்வ் என்ற ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். புது வண்டிகளில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாகவே காட்டிவிடுகிறது. என்னுடையதில் டேங்குக்குக் கீழே ஒரு சிறு திருகு. பெட்ரோல் தீருகிற நேரத்தில் வண்டி ஒரு விக்கல் விக்கும். இன்னொரு விக்கல். கண் சாலையில் இருக்க, இடது கை தானாகக் கீழே போய், முழங்காலுக்கு உள்பக்கமாகத் துழாவி, திருகைப் பிடித்து ரிசர்வுக்குத் திருப்பும். வண்டி நின்றுவிடப் போகிறது என்ற அந்தக் கடைசி நொடியில் மறுபடி மூச்சு வரும், வேகம் குறையாமலே. அந்த நொடியில் எனக்கும் வண்டிக்கும் இடையே என்ன நடக்கிறது என்று விளக்கத் தெரியவில்லை. பதினாறு வருஷமாக ஒவ்வொரு முறையும் மனது குளிர்கிறது.

இந்தப் பதினாறு வருஷத்தில் ஒருமுறை என்ஜினைப் பிரித்து போரிங் போட்டாயிற்று. செயின் செட் எத்தனை என்று கணக்கில்லை. கிளட்ச் ஒயர் இரண்டு முறை வழியில் அறுந்தது. இரண்டாவது முறை பயமே இல்லை: புது ஒயரைப் பழைய ஒயரோடு சேர்த்து டேப் சுற்றித் தயாராக வைத்திருந்தேன், மருத மர நிழலில் பத்து நிமிஷ வேலை. சனிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் கடையில் ஒரு ஸ்டூல் எனக்கென்று உண்டு. பிளக்கைக் கழற்றி அவர் வெளிச்சத்தில் காட்டுவார். முனை செங்கல் பொடி நிறத்தில் இருக்கும். "பாருங்க அண்ணாச்சி, எப்படி எரிஞ்சிருக்கு," என்பார். நல்ல மதிப்பெண் வாங்கின பிள்ளையின் அட்டையைப் பார்க்கிற மாதிரி நான் வாங்கிப் பார்ப்பேன்.

மீட்டர் 99,999-ஐத் தொட்ட நாள் 2015-இல் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அது எங்கே விழும் என்று தெரிய வேண்டுமே! சாயங்காலம் திரும்பும்போது, காருகுறிச்சி தாண்டி வயல்வெளியில் விழுந்தது. ஓரமாக ஒதுங்கி, நடக்கிற வேகத்தில் வண்டியை விட்டு, மீட்டரையே பார்த்தபடி உருட்டினேன். ஐந்து ஒன்பதுகளும் ஒன்றாக மேலே ஏறத் தொடங்கின, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு; பாதி ஒன்பது, பாதி சுழியமாக ஒரு கணம் தயங்கின; பிறகு ஐந்து சுழியங்களும் ஒரே கோட்டில் வந்து நின்றன. என்ஜினை நிறுத்தினேன். தவளைச் சத்தம் மட்டும். தூரத்தில் செங்கோட்டைப் பக்கம் போகிற ரயிலின் ஒலி. லட்சம் கிலோமீட்டர், இந்த ஒரே சாலையில் முன்னும் பின்னுமாக. டீக்கடைக்காரர் ஒருவர் ஏதோ பழுது என்று நினைத்து டார்ச்சோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். குனிந்து மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அப்ப இனிமே புது வண்டி," என்று சொல்லி, காசு வாங்காமல் டீ கொடுத்தார். 2021-இல் இரண்டாவது முறையும் அப்படியே, ஆனால் அது கல்லூரி வாசலில்; வாட்ச்மேனோடு சேர்ந்து பார்த்தேன்.

என் அப்பா விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலைக்கு சைக்கிளில் போய் வந்தவர். நைட் ஷிப்ட் முடிந்து விடிகாலையில் வருவார். வந்ததும் படுக்க மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து, வழியில் பார்த்ததை எல்லாம் அம்மாவிடம் சொல்வார்: இன்ன இடத்தில் நாற்று நட்டுவிட்டார்கள், இன்ன மடையில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், கீரி குறுக்கே போனது. மில்லில் நடந்ததை ஒரு நாளும் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது நானும் ராத்திரி சாப்பிடும்போது அப்படித்தான் பேசுகிறேன் என்று மனைவி சொல்கிறாள். கார் பருவ நெல் அறுவடை எந்த ஊர் வரை வந்திருக்கிறது, பிசானப் பருவத்துக்கு எங்கே நாற்றங்கால் போட்டாயிற்று, மயில் எந்த வளைவில் குறுக்கே வருகிறது, எல்லாம் எங்கள் வீட்டில் சோற்றோடு பரிமாறப்படும். வயல் ஒரு சென்ட்கூட இல்லாத குடும்பம். ஆனால் இருபது ஊர் வயலின் கதையும் எங்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் உடனே உள்ளே போக மாட்டேன். என்ஜின் அணைந்த பிறகு சைலன்சர் குளிரத் தொடங்கும். டிக். கொஞ்சம் இடைவெளி. டிக், டிக். சூடு இறங்க இறங்க இரும்பு சுருங்குகிற சத்தம். ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க்மேல் வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து அது முழுக்க அடங்குகிற வரை கேட்பேன். முகத்தில் காற்று இன்னும் அடித்துக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கும். உள்ளேயிருந்து காபி வாசனை வரும்.

நாளை செவ்வாய்க்கிழமை. மேலப்பாளையத்தில் மாட்டுச் சந்தை. சாலை முழுக்க மாடும் ஆடும் குட்டியானை வண்டிகளுமாக இருக்கும். பத்து நிமிஷம் முன்னாலேயே கிளம்ப வேண்டும். இருபதாக வைத்துக்கொள்ளலாம். 'ரெண்டு டிகிரி'யில் கொஞ்ச நேரம் நிற்கலாமே.